உதிரியாக வந்த மல்லி

நிலக்கோட்டை வண்டி திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குள் திரும்பி நின்றது. நடத்துநர் யாரையோ தேடிக்கொண்டே இறங்கினார். கையில் ஈரத் துணிப்பை.

"ஜெனி அப்பா நீங்கதான? பிலவேந்திரன் குடுத்துவிட்டாப்ல. தண்ணி சொட்டுது சார், சட்டையில படாமப் பிடிங்க."

பிலவேந்திரன் என் மனைவியின் தம்பி. நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் மல்லித் தோட்டம் வைத்திருக்கிறான். அக்கா மகளுக்கு ஆண் பிள்ளை என்று கேட்ட நாலைந்து நாளிலேயே பூ அனுப்பிவிட்டான். வாசனை பையைத் தாண்டி வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தபடி பையின் வாயைப் பிரித்தேன்.

வாழை இலைப் பொட்டலம். இலையை விலக்கினால் மொட்டு மொட்டாக மல்லி. ஒரு முழம்கூடக் கட்டியிருக்கவில்லை. எல்லாம் உதிரி.

என் சிரிப்பு அங்கேயே நின்றுபோனது.

பூ விளைகிற ஊர்க்காரர்கள் உறவு வீட்டுக்கு உதிரிப் பூ கொடுத்துவிட மாட்டார்கள். உதிரி, மூட்டையாகச் சந்தைக்குப் போவது. வீட்டுக்கென்றால் கட்டித்தான் வரும். அதிலும் பிள்ளை பெற்ற வீட்டுக்கு மல்லி உதிரியாக வந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. பிள்ளை தங்கவில்லை, தாய்க்குச் சுரந்த பாலை வற்றவைக்க வேண்டும், மார்பில் வைத்துக் கட்டுவதற்கான பூ அது.

என் பேரன் அப்போது மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். நான் அங்கிருந்து கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் ஏதோ ஆகி, எனக்கு முன்னால் ஊருக்குச் செய்தி போய்விட்டதா? பூ காலையிலேயே பறித்துப் பேருந்து ஏற்றியது, அது எப்படி முடியும் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். மருத்துவமனைக்கு விரட்டச் சொன்னேன்.

மாடிப்படி ஏறி நான் போய் நின்றபோது என் மனைவி அமலி பச்சிளங்குழந்தைகள் பிரிவின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை?" என்றேன்.

"தூங்குறான். இப்பத்தான் சிஸ்டர் கண்ணாடி வழியாக் காமிச்சுச்சு. ஏன் இப்புடி மூச்சு வாங்குது ஒங்களுக்கு?"

பதில் சொல்வதற்குள் அவள் மூக்கு பையைக் கண்டுபிடித்துவிட்டது. முகம் மாறியது.

"அதக் கொண்டுபோங்க அங்கிட்டு. கீழ எங்கயாச்சும் போட்டுட்டு வாங்க."

கண்ணாடிப் பெட்டி

பள்ளி ஆய்வகத்து எலும்புக்கூட்டுக்கு மாணவர்கள் சட்டை மாட்டிவிட்ட கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். இந்த வாரமும் அப்படி ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வீட்டில் யாரோ மல்லி வாங்கி வந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த மாடிப்படி ஞாபகம் வருகிறது.

என் மகள் ஜெனிக்குத் தலைப்பிரசவம். எட்டாம் மாதம் தொடங்கியவுடனே வலி கண்டுவிட்டது. மருமகன் வளைகுடாவில் வேலை. விமானம் கிடைத்து வர நாளாகும். பிள்ளை ஒரு முழ நீளம்கூட இல்லை. மூக்கில் குழாய். மார்பு, மூச்சுக்கு மூச்சு குழி விழுந்து எழுந்தது.

டாக்டரம்மா சுருக்கமாகத்தான் சொன்னார். "தாய்ப்பால்தான் சார் இவனுக்கு இப்ப மருந்து. சொட்டா இருந்தாலும் பரவால்ல, எடுத்துக் கொண்டுவரச் சொல்லுங்க."

சொட்டுதான் வந்தது. பிரிவுக்கு அடுத்த அறையில் தாய்மார்கள் உட்கார்ந்து பால் பீய்ச்சிக் கொடுப்பார்கள். செவிலியர் அதைப் பாலாடையில், மூக்கு நீண்ட அந்தச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில், ஊற்றி எடுத்துப் போவார்கள். மற்றப் பெண்கள் கிண்ணத்தில் பால் தெரியும். ஜெனியின் கிண்ணத்தில் அடிப்பாகம் நனைந்திருக்கும், அவ்வளவுதான். அவள் அதைப் பார்த்து அழுவாள். அழுதால் இன்னும் வராது என்று அமலி அதட்டுவாள். அதட்டிவிட்டுத் தானும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பால் சுரப்பது எந்தச் சுரப்பியின் வேலை என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிற உயிரியல் ஆசிரியன் நான். வாசலில் நிற்பதைத் தவிர எனக்கு வேலை இல்லை.

இந்த நிலையில்தான் பூ வந்தது.

கிணற்றடிக் கொடி

மல்லியை எல்லோரும் செடி என்றுதான் நினைக்கிறார்கள். தோட்டத்தில் கவாத்து வெட்டி வெட்டி இடுப்பு உயரத்தில் நிறுத்தி வைப்பதால் அப்படித் தெரிகிறது. வெட்டாமல் விட்டால் அது கொடி. கை கிடைத்த இடத்தைப் பிடித்து ஏறும். அமலி பிறந்த வீட்டுக் கிணற்றடியில் அப்படி ஒரு கொடி, முருங்கை மரத்தைச் சுற்றிக்கொண்டு உச்சிவரை போயிருந்தது. எட்டாத உயரத்தில் பூத்ததால் அது சந்தைக்குப் போகாது. வீட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும்.

எங்கள் வீடும் பூ வீடுதான். கொடைரோட்டுக்கும் நிலக்கோட்டைக்கும் நடுவில் ஒரு ஊர். விடியும் முன் பறித்து, மொட்டு வாய் திறப்பதற்குள் சந்தைக்கு அனுப்பிவிட்டு, பிசுபிசுத்த விரல்களோடு பள்ளிக்கூடம் போவேன். பரீட்சைத் தாள்களில் என்னுடையது மட்டும் மணக்கும் என்று ஒரு வாத்தியார் கேலி செய்வார்.

பூக்காரர்கள் வீட்டில் மருந்தும் பூக்கொடியில்தான் இருக்கும். வாய்ப்புண் வந்தால் வேலியில் படர்ந்த பிச்சிக்கொடியின் இலையைப் பறித்து மெல்லச் சொல்வார்கள். கசப்பு காது வரை ஏறும். ஒருமுறை மண்வெட்டி அப்பாவின் காலைப் பதம் பார்த்துவிட்டது. அம்மா அதே இலையை இடித்துச் சாறெடுத்து எண்ணெயில் காய்ச்சிப் போட்டார். ஆயுர்வேதத்தில் அந்த இலை சேர்ந்த தைலத்துக்கு ஜாத்யாதி என்று பெயர் உண்டென்று ரொம்ப நாள் கழித்துத் தெரிந்தது. மாதா சப்பரத்துக்குச் சாத்திய மல்லியை மறுநாள் பெண்கள் போட்டி போட்டு அள்ளிக்கொண்டு போவார்கள். தேங்காயெண்ணெயில் ஊறவைத்துத் தலைக்குத் தேய்த்தால் சூடு தணியும். பக்தியும் குளிர்ச்சியும் ஒரே பாட்டிலில்.

சுற்றிச் சுற்றி வேறெங்கோ போகிறேன். போக வேண்டிய இடத்துக்குப் போகத் தயக்கம்.

ஜெனிக்கு முன்னால் எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். ஒரு பகல் இருந்தான். மருத்துவமனைக் கன்னியாஸ்திரி அவசரமாகத் தலையில் தண்ணீர் ஊற்றிச் சேவியர் என்று பெயர் வைத்தார். சாயங்காலம் அவனை என் கையில் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

அவனை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். பிறகுதான் அமலிக்குப் பால் வந்தது. உடம்புக்கு யாரும் சொல்லவில்லை போலும். ரவிக்கை நனைந்தது, துண்டு நனைந்தது, பாய் நனைந்தது. மார்பு கல்லாகி, தொட்டால் அலறினாள். அவள் அம்மா வந்து என்னிடம், "மாப்ள, கெணத்தடிக் கொடியில இருக்கிறதப் பறிச்சிட்டு வாங்க. கட்ட வேணாம். அப்புடியே கொண்டாங்க," என்றார்.

சந்தைப் பூவெல்லாம் காலையிலேயே போய்விட்டது. மத்தியான வெயில். முருங்கை மரத்தில் ஏறினேன். வழக்கமாக எட்டாமல் விடுகிற மொட்டுகளை எல்லாம் அன்றைக்குப் பறித்தேன். சட்டையைக் கழற்றி அதில் கட்டிக் கொண்டுவந்தேன். வெள்ளைத் துணியில் பூவைப் பரப்பி அவள் மார்பில் வைத்து இறுக்கிக் கட்டினார்கள். உடம்புச் சூட்டில் மொட்டு பழுத்து டீ நிறமாகிவிடும். எடுத்துவிட்டுப் புதிது வைப்பார்கள். மறுபடி நான் மரம் ஏறுவேன். அந்த அறையில் மல்லி வாசனையும் புளித்த பால் வாசனையும் பிரிக்க முடியாமல் இருந்தன.

பால் நின்றது. வலியும் நின்றது.

அதற்குப் பிறகு அமலி மல்லி வைத்து நான் பார்த்ததில்லை. கனகாம்பரம் வைப்பாள், ரோஜா வைப்பாள். நிலக்கோட்டைப் பக்கத்துப் பெண் மல்லி வேண்டாம் என்கிறாளே என்று கல்யாண வீடுகளில் கேட்பார்கள். "தலவலிக்குது" என்பாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.

படிக்கட்டில் ஒரு போன்

நான் பையோடு படியிறங்கப் போனபோது பின்னால் ஜெனியின் குரல். பால் அறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"மாமா பூ குடுத்துவிட்டாரா? எங்கப்பா கொண்டுபோறீங்க? எனக்கு வேணும். இந்த ஆஸ்பத்திரி வாடை தாங்கல, தலைல வச்சுக்கிறேன்."

"வேணாம்," என்றாள் அமலி.

"ஏம்மா?"

"பால் வத்திரும்."

"வர்ற பாலே சொட்டு. அதுல வத்துறதுக்கு என்ன இருக்கு?"

"ஏய், வாய மூடு. போயி உக்காரு."

ஜெனி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் படிக்கட்டில் போய் நின்று கௌரிக்குப் போன் செய்தேன். என்னிடம் படித்த பெண். திண்டுக்கல்லிலேயே ஆயுர்வேத மருத்துவராக இருக்கிறாள்.

"கட்டுனா குறையும் சார். மார்புல வச்சுக் கட்டுறது எங்க படிப்புலயே இருக்கு. பால் கட்டிக் காய்ச்சல் வந்தா மட்டும் பூவை நம்பி உக்காரக் கூடாது, நேரா டாக்டர்ட்ட போயிரணும். தலைல வைக்கிறது வேற. அதுல பால் வத்தாது."

"நிச்சயமா?"

"சார், கிளாஸ்ல நாங்க இப்படிக் கேட்டா ஒங்களுக்குக் கோவம் வரும்." சிரித்துவிட்டு, குரலைத் தணித்தாள். "பிள்ளை எப்படி இருக்கான்? ஜெனியைக் கொஞ்சம் தூங்கவிடுங்க. தூக்கமில்லாம, பயந்துக்கிட்டே இருந்தா அதுதான் பாலைக் குறைக்கும்."

உள்ளே போய் டாக்டரம்மாவிடமும் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். "தலையில வச்சுக்கட்டும் சார். யூனிட்டுக்குள்ள மட்டும் பூ வரக் கூடாது. வாசல்லயே கழட்டிரணும்."

இரண்டு மருத்துவர்களின் பேச்சையும் கொண்டுபோய் அமலியிடம் ஒப்பித்தேன். அவள் ஜெபமாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"படிச்சவுக சொல்லுவாக. பட்டவ நான்."

"என்னம்மா பட்ட?" என்றாள் ஜெனி.

அமலி சொல்ல ஆரம்பித்தாள். அண்ணன் ஒருவன் இருந்தான் என்று ஜெனிக்குத் தெரியும். கல்லறைத் திருநாளில் அந்தச் சின்னச் சிலுவைக்கு அவள்தான் மெழுகுவத்தி ஏற்றுவாள். பாலையும் பூவையும் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. தனக்குள்ளேயே பேசிக்கொள்வதுபோல அமலி மெதுவாகச் சொல்லி முடித்தாள். முடித்தபின், "நாலு நாள்ல நின்னுபோச்சுடி. அம்புட்டுப் பாலு. எங்க போச்சுன்னே தெரியல," என்றாள்.

ஜெனி அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"ஒனக்குப் பால் இருந்துச்சு, பிள்ளை இல்ல. எனக்குப் பிள்ளை இருக்கான், பால் இல்ல. நம்ம ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பெத்திருக்கணும்மா."

"லூசு மாதிரிப் பேசாத," என்றாள் அமலி. ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே இருவரும் அழுதார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பையின் அடியில்

அப்போதுதான் பிலவேந்திரன் போன் செய்தான்.

"பூ வந்துச்சா மச்சான்?"

"வந்துச்சு. ஏன் மாப்ள உதிரியாக் குடுத்துவிட்ட? உசுரே போயிருச்சுடா எனக்கு."

அவனுக்கும் அந்த நேரத்தில்தான் உறைத்திருக்க வேண்டும்.

"அய்யோ... மாதாவே. நான் அத நெனைக்கவே இல்ல மச்சான். ஒங்க தங்கச்சி காச்சல்ல கெடக்கா, கட்ட ஆள் இல்ல. பஸ்ஸு வேற வந்துருச்சு. அங்கன பொம்பளைக இருப்பாகல்ல, கட்டிக்கிருவாகன்னு குடுத்துவிட்டேன். நாரு கூட அடியில வச்சிருக்கேனே, பாக்கலையா?"

பைக்குள் கையை விட்டேன். வாழை இலைக்குக் கீழே, நனைத்துச் சுருட்டிய வாழைநார்க் கட்டு. பேருந்து நிலையத்தில் இன்னும் ஒரு விரல் ஆழம் கையை விட்டிருந்தால் போதும். சிரித்தபடியே நடந்து வந்திருப்பேன்.

பெஞ்சில் உட்கார்ந்து நாரைக் கிழித்தேன். என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு இழுப்பு. எத்தனையோ வருடம் கழித்தும் விரல் மறக்கவில்லை, வேகம்தான் போய்விட்டது.

எதிர்ப் பெஞ்சில் ஒட்டன்சத்திரத்துப் பழனியம்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய மகளின் பிள்ளையும் உள்ளேதான். இத்தனை நாள் எங்களைப் பார்த்துத் தலையசைப்பதோடு சரி.

"ஏனுங்க சார், வாத்தியாருன்னு சொன்னாங்க, பூக்கடைங்களா உங்களுக்கு?"

"பூக்கடை இல்லம்மா. பூக்காட்டுல பொறந்தவன்."

"அதானுங்க பார்த்தேன். எங்க வீட்டுக்காரரு கல்யாணமாகி இத்தனை வருசத்துல பூ வாங்கிட்டு வந்ததே இல்லீங்க. இங்க ஒருத்தரு ஒக்காந்து கட்டறாரு."

பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்த வராந்தாவில் அத்தனை பேர் சேர்ந்து சிரித்ததை அதற்கு முன் நான் கேட்டதில்லை. உள்ளே இருந்த செவிலி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, அதட்டாமல் மூடிக்கொண்டாள்.

அமலி என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசனைக்கு முகம் சுளிக்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். தெரியவில்லை. நான் ஒரு சாண் கட்டியிருப்பேன். சட்டென்று எழுந்து வந்தாள்.

"இதென்ன கட்டு? தொளதொளன்னு. அவ எந்திரிச்சு நடந்தான்னா தரையெல்லாம் பூவாத்தான் கெடக்கும். இங்கிட்டுக் குடுங்க."

நாரைப் பிடுங்கினாள். நான் கட்டியதை அவிழ்த்து முதலிலிருந்து கட்டினாள். மொட்டுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. இலையில் மிச்சமிருந்ததைப் பழனியம்மாவும் மற்றப் பெண்களும் பங்கு போட்டுக்கொண்டார்கள். வராந்தா கொஞ்ச நேரத்துக்கு நிலக்கோட்டைச் சந்தை ஆனது.

ஜெனியின் தலையில் பூவை வைத்து, கொண்டை ஊசியைக் குத்தி, அமலி குனிந்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. ஜெனி பால் அறைக்குப் போனாள். போனவள் அங்கேயே சாய்ந்து நெடுநேரம் தூங்கிவிட்டாள். யாரும் எழுப்பவில்லை.

பூ வைத்ததும் பால் பொங்கி வந்தது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. தூங்கி எழுந்து பீய்ச்சியபோது பாலாடையின் அடி மறைந்தது. அவ்வளவே. மறுநாள் இன்னும் கொஞ்சம். பிறகு பிள்ளையை அவள் நெஞ்சோடு ஒட்டவைத்துப் போர்த்திவிட்டார்கள். அதற்குப்பின் சொட்டுக் கணக்கு மெல்ல மறந்துபோனது. தூக்கமா, நெஞ்சோடு ஒட்டிய பிள்ளையா, எது செய்தது என்று எனக்குத் தெரியாது. பாடம் நடத்துகிறவனுக்கு எல்லாவற்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும் என்ற பழக்கம் உண்டு. இதில் விட்டுவிட்டேன்.

பேரன் இப்போது வீட்டில்தான் இருக்கிறான். இதை எழுதும்போது அடுத்த அறையில் தூங்குகிறான். பத்தி முடிந்ததும் போய் அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். இந்தப் பழக்கத்தை விட முடியவில்லை. "தூங்குற பிள்ளைய எழுப்பாதீங்க" என்று அமலி திட்டுவாள். அவளும் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும்.

வாசலில்

அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

பாலாடையோடு பிள்ளையைப் பார்க்க ஜெனியை உள்ளே கூப்பிட்டார்கள். கை கழுவி, பச்சை அங்கி மாட்டி, கதவுக்கு வந்தாள். "பூவக் கழட்டிருங்க," என்றாள் செவிலி. ஜெனி சரத்தையும் கொண்டை ஊசியையும் எடுத்து அமலியின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அமலி சரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வைக்க இடம் தேடினாள். பெஞ்சில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் கட்டையில் தூசி. இலையைப் பழனியம்மா எப்போதோ எடுத்துப் போட்டுவிட்டார். பைக்குள் வைத்தால் நசுங்கும். என்னைப் பார்த்தாள், என் இரண்டு கையிலும் பிளாஸ்க்கும் தட்டும்.

சரத்தை ஒருமுறை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு அதைத் தன் கொண்டையில் சுற்றி, பல்லில் கடித்திருந்த ஊசியை எடுத்துக் குத்திக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

நான் அவள் பின்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன நின்னுக்கிட்டே இருக்கீக? போயி டீ வாங்கிட்டு வாங்க," என்றாள் திரும்பாமலே.